பிறக்காத பெண்ணுக்கு ஏரிக்கரையில் ஒரு வீடு!

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் வாட்டென்ட்லாத் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சிற்றூர் என்பதுகூட மிகைதான். சில பண்ணை வீடுகள், ஒரு சின்னஞ்சிறு ஏரி, அதிலிருந்து வழியும் ஓடையின் மேல் பொதிக்குதிரைகள் போவதற்காகக் கட்டிய பழைய கல்பாலம், சுற்றிலும் மலை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 850 அடி உயரம். இங்குள்ள பண்ணை வீடு ஒன்றில், 'ஜூடித் பாரிஸின் இல்லம்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். உல்லாசப் பயணிகள் ஒற்றை வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகிய மலைப்பாதையில் ஏறி வந்து, அந்த வீட்டின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

யார் இந்த ஜூடித் பாரிஸ்? ராணியா, கவிஞரா, சமூகத் தொண்டரா? ஒன்றும் இல்லை. 1931-ல் வெளிவந்த ஒரு சரித்திர நாவலின் கதாநாயகி. அவள் பிறந்ததும் இல்லை, வாழ்ந்ததும் இல்லை. ஆனால் அவள் வாழ்ந்த வீடு மட்டும் இருக்கிறது!

தமிழ் வாசகர்களுக்கு இதில் அவ்வளவு ஆச்சரியம் இருக்காது. வீராணம் ஏரிக்கரையில் நின்று, வந்தியத்தேவனின் குதிரை எந்தப் பக்கமாக வந்திருக்கும் என்று கண்ணை இடுக்கிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஆனால் ஒரு வித்தியாசம். வந்தியத்தேவன் தஞ்சைக் கல்வெட்டில் பெயர் உள்ளவன். ஜூடித் முழுக்க முழுக்க ஒரு மனிதரின் மூளையில் உதித்தவள்.

அந்த மனிதர் ஸர் ஹியூ வால்போல். அவர் கதையைச் சொன்னால், ஏரிக்கரைக் குடில்களை வைத்து நாவல் எழுதுகிறவர்களின் பாடும், அதை விற்கிற வித்தையும், அதனால் அந்த ஊர்களுக்கும் ஜனங்களுக்கும் நேர்ந்ததும் எல்லாம் விளங்கும்.

ஏரிகளின் நாடு

'லேக் டிஸ்ட்ரிக்ட்' என்று சொல்லப்படும் இந்தப் பிரதேசம் பரப்பில் பெரியதல்ல. ஆனால் இங்கிலாந்தின் மிகப் பெரிய ஏரியான விண்டர்மியர், மிக உயரமான சிகரமான ஸ்கேஃபெல் பைக் இரண்டும் இதற்குள்தான் இருக்கின்றன. கருங்கல்லும் பச்சை நிற ஸ்லேட்டும் கொண்டு கட்டிய தாழ்ந்த காட்டேஜுகள், மலைமேல் வளைந்து வளைந்து ஓடும் கல்வேலிகள், 'ஹெர்ட்விக்' என்னும் முரட்டு ஜாதி ஆடுகள், வருஷத்தில் பாதி நாள் மழை.

ஆயிரம் வருஷங்களுக்கு முன் ஸ்காண்டிநேவிய நாட்டார் இங்கே வந்து குடியேறியதால், மலைக்கு 'ஃபெல்', ஓடைக்கு 'பெக்', சிறு ஏரிக்கு 'டார்ன்' என்று பேச்சிலேயே ஒரு தனி வாசனை. ஆடு எண்ணுவதற்குக்கூட, ஒன்று இரண்டு மூன்று என்பதற்குப் பதிலாக 'யான், டான், டெதெரா' என்று இடையர்கள் எண்ணினார்கள். சரித்திர நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இதுவே கஷ்டமும்கூட. இந்தப் பேச்சை அப்படியே எழுதினால் லண்டன் வாசகனுக்கே விளங்காது. எழுதாவிட்டாலோ ஊர்க்காரன் சிரிப்பான். இங்கே எழுத வந்த ஒவ்வொருவரும் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இந்த நாட்டை முதலில் விளம்பரப்படுத்தியவர்களில் மகாகவி வேர்ட்ஸ்வொர்த்தும் ஒருவர் என்பது வேடிக்கை. 1810-ல் அவர் எழுதிய ஏரிகள் வழிகாட்டி நூல் பல பதிப்புகள் கண்டது. அவரைப் பார்க்க வந்த ஒரு பாதிரியார், "இந்த வழிகாட்டியைத் தவிர வேறு ஏதாவது எழுதியிருக்கிறீர்களா?" என்று அவரிடமே கேட்டாராம்! மாத்யூ ஆர்னால்ட் சொன்ன கதை இது. அதே வேர்ட்ஸ்வொர்த், 1844-ல் விண்டர்மியருக்கு ரயில் போடத் திட்டமிட்டபோது, கூட்டம் வந்து இடத்தைக் கெடுத்துவிடும் என்று பத்திரிகையில் கண்டனம் எழுதினார். அவரே எழுதி எழுதி அழைத்த கூட்டம்தான். 1847-ல் ரயில் வந்தேவிட்டது.

பிராக்கன்பர்ன் பங்களா

வால்போல் ஏரி நாட்டில் பிறந்தவர் அல்ல. 1884-ல் நியூஸிலாந்தின் ஆக்லந்தில் பிறந்தவர். தந்தை பாதிரியார், பிற்காலத்தில் எடின்பரோவின் பிஷப். சிறுவயதில் விடுமுறைக்குக் கம்பர்லந்துக்கு வந்து போன ஞாபகம் அவர் மனசை விட்டு அகலவில்லை. நாவல்களில் நல்ல வருமானம் வரத் தொடங்கியதும், 1924-ல் டெர்வென்ட்வாட்டர் ஏரியின் மேற்குக் கரையில், காட்பெல்ஸ் மலைச் சரிவில் உள்ள 'பிராக்கன்பர்ன்' என்ற வீட்டுக்குக் குடிவந்தார். மோட்டார் கொட்டகையின் மாடியில் நூலகம் அமைத்து, ஆயிரக்கணக்கான புத்தகங்களை அடுக்கி, ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தபடி எழுதினார். லண்டனில் பிக்காடில்லியிலும் ஒரு ஜாகை உண்டு. ஆனால் மனசு இங்கேதான்.

அப்படி எழுதியதுதான் ஹெர்ரீஸ் வம்சத்தின் கதை. 'ரோக் ஹெர்ரீஸ்' 1930-ல், 'ஜூடித் பாரிஸ்' 1931-ல், 'தி ஃபோர்ட்ரஸ்' 1932-ல், 'வனெஸ்ஸா' 1933-ல். வருஷத்துக்கு ஒன்றாக நாலு தடிப் புத்தகங்கள்! 1730-ல் பிரான்சிஸ் ஹெர்ரீஸ் என்னும் முரட்டு மனிதன் மனைவி மக்களோடு பாரோடேல் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்வதில் தொடங்குகிறது கதை. தன் ஆசைநாயகியைச் சந்தையில் வைத்து விற்றுவிடுகிற ஆசாமி அவன். கிழவி ஒருத்தியைச் சூனியக்காரி என்று ஊரார் தண்ணீரில் அமுக்கிக் கொல்வதும் அந்தப் புத்தகத்தில் வருகிறது. அவனுடைய மகள்தான் ஜூடித். 1774-ல் பிறக்கும் அவளுக்கு நூறு வயது நிறையும் விழாவோடு மூன்றாவது புத்தகம் முடிகிறது. நாலாவது புத்தகம் கதையை ஆசிரியரின் சொந்தக் காலத்துக்கே கொண்டுவந்து விடுகிறது.

வால்போல் கையாண்ட முறை எளியது. குடும்பம் கற்பனை, மண் நிஜம். ரோஸ்த்வெயிட், உல்டேல், கெஸ்விக், வாட்டென்ட்லாத் எல்லாம் தேசப்படத்தில் உள்ள ஊர்கள். 1745-ல் இளவரசர் சார்லஸ் எட்வர்டின் படை கார்லைல் நகரை முற்றுகையிட்டது நிஜச் சரித்திரம். அதற்குள் கற்பனை மனிதர்களை நுழைத்துவிட்டார். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக நடக்கலாம். வாசகர்கள் நடந்தார்கள். வாட்டென்ட்லாத்தில் பலகை மாட்டப்பட்ட ரகசியம் இதுதான்.

குறையும் உண்டு. அவர் எழுதும் வேகம் பிரசித்தம். எழுதியதைத் திருத்துவது அபூர்வம். ஜூடித்தும் அவள் தந்தையும் நெஞ்சில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வருகிற பேரன் பேத்திகளின் பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வம்சாவளிப் படம் தேவைப்படுகிறது. ஆனாலும் ஏரிமேல் பனி இறங்குவதையும், பகல் மூன்று மணிக்கே மலைநிழல் வீட்டுக்குள் வந்துவிடும் மாரிக்காலத்தையும் அவர் எழுதும்போது, அவசரக் கை என்று யாரும் சொல்ல முடியாது.

புகழ் தேடும் கலை

எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறவர் அல்ல வால்போல். புத்தகத்தை வாசகனின் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் எழுத்தாளன் வேலைதான் என்று நினைத்தவர். 1919-ல் தொடங்கிப் பல முறை அமெரிக்காவில் பிரசங்கச் சுற்றுப்பயணம் செய்து நிறையச் சம்பாதித்தார். 1929-ல் பிரிட்டனில் 'புக் சொஸைட்டி' தொடங்கியபோது தேர்வுக் குழுவின் முதல் தலைவர் அவரே. குழு மாதம் ஒரு புதிய புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும். அங்கத்தினர்களுக்கு அது தபாலில் வீடு தேடி வரும். தேர்வான புத்தகத்துக்கு ஆயிரக்கணக்கில் விற்பனை நிச்சயம். பிறகு ஹாலிவுட். 1935-ல் வெளிவந்த 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' படத்துக்குத் திரைக்கதையில் வேலை செய்ததுடன், பாதிரியார் வேஷத்தில் ஒரு காட்சியில் தலையும் காட்டினார். 1937-ல் 'ஸர்' பட்டம்.

இவ்வளவு ஓடியாடிப் புகழ் தேடினால் சக எழுத்தாளர்கள் சும்மா இருப்பார்களா? 1930-ல், அதாவது 'ரோக் ஹெர்ரீஸ்' வெளிவந்த அதே வருஷம், ஸாமர்செட் மாம் 'கேக்ஸ் அண்ட் ஏல்' என்ற நாவலை வெளியிட்டார். அதில் ஆல்ராய் கியர் என்று ஒரு எழுத்தாளன். திறமை கொஞ்சம், சாமர்த்தியம் நிறைய. யாராவது அவன் புத்தகத்தைத் தாக்கி விமரிசனம் எழுதினால் கோபப்பட மாட்டான். நயமாக ஒரு கடிதம் எழுதி, விருந்துக்கு அழைத்து, அடுத்த புத்தகத்துக்கு ஆளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான்.

வால்போல் ஓர் இரவு படுக்கப் போகும் நேரத்தில் இந்தப் புத்தகத்தைப் புரட்டினார். சட்டையைப் பாதி கழற்றியவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். ஆல்ராய் கியர் தாம்தான் என்பது புரியப் புரிய, எழுந்திருக்க முடியவில்லை. மாம் அவருடைய பழைய நண்பர்! "உன்னை நினைத்து எழுதவில்லை" என்ற பொருளில் மாம் பதில் எழுதினார். வால்போல் இறந்த பிறகுதான், அவர்தான் என்று ஒப்புக்கொண்டார்.

மாம் எழுதியது முழுப் பொய்யல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. இளம் எழுத்தாளராகத் திண்டாடிக்கொண்டிருந்த ஜே.பி. பிரீஸ்ட்லிக்குப் பெரிய நாவல் எழுத அவகாசம் இல்லை, பணம் இல்லை. வால்போல் தம்மோடு சேர்ந்து ஒரு நாவல் எழுதும்படி அழைத்தார். அவர் பெயருக்காகக் கிடைத்த முன்பணத்தில் பிரீஸ்ட்லிக்குப் பங்கு. அந்தப் பணத்தைக் கொண்டு பிரீஸ்ட்லி உட்கார்ந்து எழுதியதுதான், 1929-ல் நாடெங்கும் பேசப்பட்ட 'தி குட் கம்பானியன்ஸ்'. விளம்பரப் பிரியர்களில் எத்தனை பேர் இப்படிப் பிறருக்குக் கை கொடுக்கிறார்கள்?

1941 மே மாதம் கெஸ்விக் ஊரில் யுத்த நிதி வாரம். நீரிழிவு நோயாளியான வால்போல் நீண்ட ஊர்வலத்தில் நடந்து வந்து பிரசங்கமும் செய்தார். அந்த அலைச்சல் தாங்கவில்லை. ஜூன் 1-ம் தேதி பிராக்கன்பர்னில் மாரடைப்பால் காலமானார். வயது 57. கெஸ்விக் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். இலக்கிய உலகம் அவரைச் சீக்கிரமே மறந்தது. ஊர் மறக்கவில்லை. கையெழுத்துப் பிரதிகள் கெஸ்விக் கண்காட்சிசாலையில் இருக்கின்றன. ஏரிக்கரையில் 1999-ல் திறந்த நாடக அரங்கில் 2013-ல் 'ரோக் ஹெர்ரீஸ்' நாடகமாக நடந்தது.

பட்டர்மியர் அழகி

பிறக்காத ஜூடித்தைப் புகழாக்கியதில் யாருக்கும் நஷ்டமில்லை. பிறந்த பெண் ஒருத்தியைப் புகழாக்கியபோது நடந்தது வேறு.

பட்டர்மியர் ஏரிக்கரையில் 'ஃபிஷ் இன்' என்ற சிறு விடுதி. விடுதிக்காரரின் மகள் மேரி ராபின்ஸன். 1792-ல் அங்கே தங்கிய ஜோசப் பட்வொர்த் என்ற பயணி, தம் பயண நூலில் அந்தப் பதினான்கு பதினைந்து வயதுப் பெண்ணின் அழகை வர்ணித்து, 'ஸாலி' என்று பெயரை மட்டும் மாற்றி எழுதிவிட்டார். பெயரை மாற்றி என்ன பயன், ஊரை மாற்றவில்லையே! புத்தகத்தைப் படித்தவர்கள் அவளைப் பார்ப்பதற்கென்றே வரத் தொடங்கினார்கள். ஏரி, அருவி, மேரி என்று பார்க்க வேண்டிய பட்டியலில் ஓர் உயிருள்ள பெண். சில வருஷங்கள் கழித்து பட்வொர்த் திரும்பி வந்து, எச்சரிக்கையாக இரு என்று அவளுக்கே புத்தி சொன்னாராம். காலம் கடந்த புத்தி.

1802-ல் தடபுடலாக ஒரு கனவான் வந்தார். கர்னல் ஹோப், பிரபு வம்சம், பார்லிமெண்ட் அங்கத்தினர் என்று சொல்லிக்கொண்டார். அந்த அக்டோபர் 2-ம் தேதி மேரியைக் கல்யாணம் செய்துகொண்டார். கவிஞர் கோல்ரிட்ஜ் இந்தக் கல்யாணத்தைப் பற்றி லண்டன் பத்திரிகைக்கு எழுத, குட்டு உடைந்தது. ஆசாமி ஜான் ஹாட்ஃபீல்ட் என்ற பழைய மோசடிக்காரன். ஏற்கனவே மனைவி உண்டு. தப்பியோடியவனை வேல்ஸில் பிடித்தார்கள். 1803 செப்டம்பர் 3-ம் தேதி கார்லைலில் தூக்கு. எதற்காகத் தெரியுமா? மேரியை ஏமாற்றியதற்காக அல்ல. அக்காலத்தில் பார்லிமெண்ட் அங்கத்தினர் கையெழுத்திட்ட கடிதத்துக்குத் தபால் கட்டணம் கிடையாது. ஹோப் பெயரில் கள்ளக் கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பினானே, அந்தக் குற்றத்துக்காக!

மேரியின் துயரம் உடனே வியாபாரமாயிற்று. அதே 1803-ல் லண்டன் ஸாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் நாடகமே போட்டுவிட்டார்கள். மேரி 1807-ல் ஒரு விவசாயியை மணந்து, கால்ட்பெக் ஊரில் குடும்பம் நடத்தி, 1837-ல் காலமானார். அங்கேதான் சமாதி.

இந்தக் கதையை 1987-ல் மெல்வின் பிராக் 'தி மெய்ட் ஆஃப் பட்டர்மியர்' என்ற சரித்திர நாவலாக எழுதினார். கார்லைலில் பிறந்து விக்டன் என்ற பக்கத்து ஊரில் வளர்ந்தவர். டெலிவிஷன் மூலம் நாடறிந்த முகம். புத்தகம் நன்றாகவே விற்றது. மேரியை மறுபடி ஒருமுறை காட்சிப்பொருள் ஆக்கியதுதானே இதுவும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் வந்து பார்த்துப் போனவர்கள் எழுதியதில் அவள் வெறும் முகம். பிராக்கின் நாவலில் அவளுக்கு மனசும் இருக்கிறது, ஆட்டு மந்தை இருக்கிறது, விருந்தாளிகள் உறுத்துப் பார்க்கும்போது என்ன நினைத்தாள் என்பது இருக்கிறது. ஏமாற்றுக்காரனுக்கும் அவன் பக்கம் கிடைக்கிறது. என் கணக்கில், இந்தப் பிரதேசத்தைப் பற்றிய சரித்திர நாவல்களில் முதலில் கையில் எடுக்க வேண்டியது இதுதான்.

பொம்மைக்குப் பேடண்ட்

முயல்குட்டிக் கதைகள் எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குழந்தைகள் கோபித்துக்கொள்வார்கள். விளம்பரக் கலையில் அவர் வால்போலுக்கே அண்ணி. 1903-லேயே பீட்டர் முயல் பொம்மைக்குப் பேடண்ட் வாங்கி வைத்துவிட்டார்! புத்தகப் பணத்தில் 1905-ல் நியர் ஸாரி கிராமத்தில் 'ஹில் டாப்' பண்ணையை வாங்கினார். பிறகு பண்ணைமேல் பண்ணையாக வாங்கி, 1943-ல் இறக்கும்போது நாலாயிரம் ஏக்கருக்கு மேல் 'நேஷனல் டிரஸ்ட்' அமைப்புக்கு எழுதிவைத்தார். அவருடைய எழுத்து மண்ணை விற்கவில்லை, வாங்கிக் காப்பாற்றியது.

அந்த அம்மையாரையே கதாநாயகியாக வைத்து, அமெரிக்காவில் டெக்ஸாஸில் வசிக்கும் ஸூஸன் விட்டிக் ஆல்பர்ட் 2004 முதல் 2011 வரை எட்டுத் துப்பறியும் கதைகள் எழுதினார். ஏரிக்கரைக் காட்டேஜ், கிராமத்து வம்பு, தேநீர், பேசும் பிராணிகள்! கனமான இலக்கியம் அல்ல. ஆனால் ரயிலில் படிக்க ஏற்றவை. இன்று ஹில் டாப் வீட்டில் இடம் போதாமல், நேரம் குறித்த டிக்கெட் கொடுத்து ஆட்களை உள்ளே விடுகிறார்கள்.

வருஷத்துக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேலான பேர் வரும் பிரதேசம் இது. குடியிருப்போரோ சுமார் நாற்பதாயிரம். 2017-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. காட்டேஜுகள் பலவும் விடுமுறை வாசிகளுக்கு வாடகைக்குப் போய்விட, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொந்த ஊரில் வீடு வாங்கக் கட்டுவதில்லை. நாவல்களும் இதற்கு ஒரு காரணம் என்று சொன்னால் பொய்யாகாது.

மூழ்கிய ஊர்

கடைசியாக ஹாஸ்வாட்டர். மான்செஸ்டர் நகருக்குக் குடிதண்ணீர் வேண்டும். 1919-ல் சட்டம் நிறைவேறியது, 1929-ல் அணை வேலை தொடங்கியது. ஏரியின் மட்டம் 95 அடி உயர்ந்தது. மார்டேல் கிரீன் என்ற கிராமம் நீருக்குள் போயிற்று. போகும் முன் கல்லறைத் தோட்டத்திலிருந்து 97 பேரின் எச்சங்களைத் தோண்டியெடுத்து, ஷாப் என்ற ஊரில் மறு அடக்கம் செய்தார்கள். 1935 ஆகஸ்டில் தேவாலயத்தில் கடைசி வழிபாடு. பிறகு அதையும் இடித்தார்கள்.

மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் தினம் இறங்கி ஏறுகிற பெங்களூர் வாசகர்களுக்கு இது நேர் எதிரான கதை. இங்கே தர்மாம்புதி ஏரியைத் தூர்த்து நகரம் வந்தது. அங்கே நகரத்துக்காக ஊர்மேல் ஏரி வந்தது.

இதை வைத்து ஸாரா ஹால் 2002-ல் எழுதிய முதல் நாவல் 'ஹாஸ்வாட்டர்'. கார்லைலில் 1974-ல் பிறந்தவர். குத்தகை விவசாயியின் மகளுக்கும், அணைத் திட்டத்தைச் சொல்ல நகரத்திலிருந்து வருகிற மனிதனுக்கும் இடையே மூளும் காதல்தான் கதை. நகரத்தான் வில்லன் அல்ல. தண்ணீர் கேட்பவர்களும் மனிதர்கள்தானே. அந்த நியாயத்தையும் விடாமல் எழுதியதால்தான் புத்தகம் கனக்கிறது. காமன்வெல்த் எழுத்தாளர் பரிசுகளில் சிறந்த முதல் நூலுக்கான பரிசு இதற்குக் கிடைத்தது.

கடும் வறட்சி வந்தால் ஏரி வற்றி, மார்டேலின் கல்வேலிகளும் பழைய பாலமும் வெளியே வருகின்றன. 1976-ல் வந்தன, 1984-ல் வந்தன, 1995-லும் 2018-லும் வந்தன. செய்தி பரவியதும் ஜனங்கள் திரள்கிறார்கள். பள்ளத்தாக்குக்குள் போவதற்கு ஒரே ஒரு குறுகிய ரோடு. அதன் முடிவில், கொஞ்சம் வண்டிகள் மட்டுமே நிற்கக்கூடிய சிறு திடல். காரை அங்கே விட்டுவிட்டு, வெடித்த சேற்றின் மேல் இறங்கி, அந்தப் பாலத்தில் ஏறி நின்று பார்க்கிறார்கள். மழை பிடித்ததும் ஏரி மறுபடி மூடிக்கொள்கிறது.